ஹாக்கி வீரர் தியான் சந்த்

விளையாட்டில் சிறந்து விளங்குவோர்க்கு ஆண்டுதோறும் புதுதில்லி ராஷ்டிரபதி பவனத்தில் ஜனாதிபதியவர்கள் விருது வழங்குதலை நாம் அறிவோம். திருவண்ணாமலையை அடுத்த நம் கீழ்பென்னாத்தூரிலும் வீட்டிலிருந்தபடியே தொலைக்காட்சியில் அவ்விழாவைக் கண்டு களிக்கின்றோம். அவ்விருதுகளுள் தலையாயது கேல் ரத்னா என்பது. 1991-92ஆம் ஆண்டில் ஏற்பட்ட அதனை முதன்முதற் பெற்றவர் தமிழ்நாட்டுச் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த். சேலம் மாவட்டத்துச் சிற்றூரிற் பிறந்து உயரம் தாண்டுதலில் உலகப் புகழ் எய்திய மாரியப்பன் தங்கவேலு 2020ஆம் ஆண்டிற்கும், சதுரங்க வீரர் குகேஷ் 2024ஆம் ஆண்டிற்கும் அதனைப் பெற்றனர். 2021 முதல் அவ்விருது மேஜர் தியான் சந்த் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெயருக்குரியார் யாவர், அவர் எவ்வாறு அப்பெருமைக்கு உரியராயினார் என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

தியான் சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29ஆம் நாள் அலகாபாத்தில் தோன்றினார். தந்தையார் படையிற் பணிபுரிந்தமையால் குடும்பம் ஊர் ஊராக மாறி, இறுதியில் ஜான்சி நகரில் நிலைத்தது. அதனால் அவரது பள்ளிப் படிப்பு நிறைவுறாது நின்றது. இளமையில் அவர் ஹாக்கியில் நாட்டங் கொண்டவருமல்லர். பதினேழாம் வயதில் சாதாரணச் சிப்பாயாகப் படையிற் சேர்ந்த பின்னரே, சுபேதார் பாலே திவாரி என்பார் அவருக்கு அவ்விளையாட்டின் நுணுக்கங்களைக் கற்பித்தார்.

பகற்பொழுது படையின் கடமைகளில் கழியும். இரவிலோ அக்காலத்தில் மைதானங்களுக்கு விளக்கு வசதியில்லை. ஆதலின் அவ்விளைஞர் நிலவு எழும்வரை காத்திருந்து, அவ்வொளியிலே தனியே பந்தை உருட்டிப் பழகினார் என்பர். தியான் சிங் என்பது அவர்தம் இயற்பெயர். நிலவைக் குறிக்கும் சந்த் என்னுஞ் சொல்லை நண்பர்கள் அப்பெயரோடு சேர்த்தழைத்தது இதுபற்றியே என்று வழங்குவர். பௌர்ணமி நிலவில் அண்ணாமலையை வலம் வரும் மக்கள் கூட்டத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு, அந்நிலவொளியில் ஆளரவமற்ற மைதானத்தில் தனித்து உழைத்த அவ்விளைஞரை மனக்கண்ணாற் காண்டல் அரிதன்று.

1926ஆம் ஆண்டில் இந்தியப் படைக்குழு நியூஸிலாந்து சென்று விளையாடிற்று. அதில் இவர் காட்டிய திறம் கண்டு, லான்ஸ் நாயக் பதவி அளித்தனர். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியக் குழு 29 கோல்கள் போட்டு, ஒன்றும் வாங்காது தங்கப் பதக்கம் வென்றது. அவற்றுள் 14 கோல்கள் இவர் போட்டவை. 1932இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இவரும் இவர்தம் இளவல் ரூப் சிங்கும் உடன் நின்று ஆடினர். அமெரிக்கரை 24-க்கு 1 என்னும் கணக்கில் வென்ற அவ்வாட்டத்தில் தமையனார் எட்டுக் கோல்களும் தம்பியார் பத்துக் கோல்களும் போட்டனர். தம்பி தம்மை விஞ்சியது குறித்து மகிழ்ந்தவர் நம் வீரர்.

அவர் வாழ்வின் பெருஞ் சோதனை 1936இல் நேர்ந்தது. அதிகாரிப் பதவி எய்தாத அவ்வெளிய படைவீரரே பெர்லின் ஒலிம்பிக்கிற்குத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். சென்றடைந்த சில நாள்களில், ஜூலை 17ஆம் நாள் நடந்த பயிற்சியாட்டத்தில் ஜெர்மானியர் 4-க்கு 1 என்று இந்தியரை வென்றுவிட்டனர். இருமுறை தொடர்ந்து தங்கம் வென்ற நாட்டின் மானம் தம் தலைமையில் அழியுமோ என்று தலைவர் உறக்கமின்றி வருந்தினார். எனினும் சோர்ந்திலர். குறையை ஆராய்ந்து, இந்தியாவிலிருந்து அலி தாரா என்னும் ஆட்டக்காரரை வரவழைக்கச் செய்தார்.

மழையினால் ஒருநாள் தள்ளிப்போன இறுதியாட்டம் ஆகஸ்டு 15ஆம் நாள் நிகழ்ந்தது. எதிர்நின்றவர் முன்னர் வென்ற ஜெர்மானியரே. ஆட்டத்திற்கு முன் குழுவினர், அந்நாளில் ஆளுவோர் ஏற்காத மூவர்ணக் கொடியைத் தங்கள் அறையில் விரித்து வணங்கிச் சென்றனர். முற்பாதியில் ஈரத்தரையில் ஒரே கோல்தான் கிட்டிற்று. பிற்பாதியில் தலைவர் முள்ளடிக் காலணிகளைக் களைந்துவிட்டு ஆடினார். ஆட்டம் 8-க்கு 1 என்று முடிந்தது. அந்த ஆகஸ்டு 15ஆம் நாளே பதினோராண்டின் பின் நம் விடுதலை நாளாயிற்று.

தமிழர்க்கும் இவர்க்கும் தொடர்புண்டு. 1935இல் இவர் தலைமையில் நியூஸிலாந்து சென்ற குழுவில் நம் நாட்டு எம். ஜே. கோபாலனும் ஆடினார். மறு ஆண்டு பெர்லினா, கிரிக்கெட் குழுவுடன் இங்கிலாந்தா என்ற நிலையில் அவர் இங்கிலாந்தைத் தெரிந்துகொண்டார். ஆண்டு ஒரு டெஸ்டிலும் ஆட வாய்க்கவில்லை. தங்கப் பதக்கமும் கைநழுவிற்று. தியான் சந்தின் சுயசரிதம் 1952இல் வெளிவந்ததும் நம் சென்னையிலேதான்.

1956இல் அவர் மேஜராக ஓய்வுபெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது கிட்டிற்று. பின்னர் பாட்டியாலாவில் இளைஞர்க்குப் பயிற்சியளித்தார். அவர் மைந்தர் அசோக் குமார் 1975இல் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலைப் போட்டது அவர் முதுமையில் பெற்ற பேறு. ஆயினும் இறுதி நாள்கள் இனியவையாக அமையவில்லை. பொருள்முடையும் நோயும் நெருக்கின. தில்லி மருத்துவமனையின் பொது வார்டிலே முதலிற் கிடந்தார் உலகை வியக்கச் செய்த அவ்வீரர். 1979 டிசம்பர் 3ஆம் நாள் உயிர் நீத்தார். ஜான்சியில், தாம் விளையாடிய மண்ணிலேயே படை மரியாதையுடன் அவருடல் எரியூட்டப்பெற்றது.

இன்று அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. அவர் பெயரால் தில்லியில் ஓர் அரங்கமும் உளது. இப்பெருமைகள் பலவும் அவர் கண்மூடிய பின்னரே வந்தன. இருக்குங்கால் ஒருவரைப் பேணாது, மறைந்தபின் மாலை சூட்டும் இக்குறையை நாம் நீக்கிக்கொள்ளல் வேண்டும். நம்மூரில் விடியுமுன் எழுந்து ஏரிக்கரையில் ஓடும் இளைஞனையும், ஊதியங் கருதாது அவனைப் பழக்கும் ஆசிரியரையும் இன்றே மதிப்போமாக. மாணாக்கர்களே, விருது மேடையின் ஒளி சில நொடிகளே நிற்பது. அதனை அடைவிப்பது பிறர் காணாத நிலவொளியில் செய்த உழைப்பேயாம்.