கைவிளக்கேந்திய காரிகை

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி.

உயிரைக் காப்பது மருந்து. அதே மருந்து அளவு தவறினால் உயிரைக் குடிக்கும். நோயாளி நம்பிச் சொன்ன செய்தி நான்கு பேர் வாயில் விழுந்தால், அவர் நோய் தீர்ந்தாலும் மனம் ஆறாது. மருந்தையும் மானத்தையும் ஒருங்கே காக்கும் பெரும் பொறுப்பு செவிலியர் கையில் உள்ளது. இப்பொறுப்பை ஒரு தொழிலின் அறமாக உலகிற்கு உணர்த்திய பெருமாட்டி பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஆவார்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. தந்தையிடமே கிரேக்கம், இலத்தீன், வரலாறு ஆகியவற்றைக் கற்றார். கணக்கில் அவருக்குத் தனி நாட்டம் உண்டு.

நோயாளிகளுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்று அவர் கூறியபோது வீடே எதிர்த்தது. அக்காலத்தில் மருத்துவமனைப் பணிப்பெண்கள் என்றால் கல்வியற்றவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் என்ற இழிபெயர் இருந்தது. ஆயினும் அவர் உறுதி தளரவில்லை. 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் பயிற்சி பெற்றார். 1853-இல் இலண்டனில் பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் தலைமையை ஏற்றார். எந்தச் சமயத்தைச் சேர்ந்த நோயாளியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கு வாதாடி வென்றார்.

போர்க்களத்தில்

1854-இல் கிரிமியப் போர் மூண்டிருந்தது. 38 செவிலியருடன் அம்மையார் துருக்கியின் ஸ்குடாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். மருத்துவ அதிகாரிகள் அவர்களை வரவேற்கவில்லை. அம்மையார் சினங்கொள்ளவில்லை. மருத்துவர் ஆணையிடும்வரை எந்தச் செவிலியும் நோயாளிக்கு எதையும் தன் விருப்பப்படி கொடுக்கக் கூடாது என்று கட்டளையிட்டுக் காத்திருந்தார். இரக்கம் உள்ளவர்க்கு இது எளிய செயலா? ஆனால் ஆணையின்றிக் கொடுப்பது அன்பேயானாலும் ஆபத்து என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரவில் கைவிளக்குடன் படுக்கை படுக்கையாகச் சென்று நோயாளிகளைக் கண்டார். இறக்கும் தறுவாயில் இருந்த வீரர்களின் வீடுகளுக்குக் கடிதம் எழுதினார். ஆயினும் அக்குளிர்காலத்தில் சாவுகள் பெருகின. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 என்ற அளவை எட்டின. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைத் தூய்மைப்படுத்தி, காற்றோட்டத்திற்கும் வழிசெய்த பின் அவ்வெண் வேகமாகச் சரிந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது, கூர்ந்து நோக்கிக் குறித்து வைக்க வேண்டும் என்பது அம்மையார் பெற்ற பாடம். நாடு திரும்பியதும் சாவுக் கணக்கை வண்ண வரைபடங்களாக்கி அரசின் கண்ணைத் திறந்தார். 1858-இல் இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

இரண்டு அறங்கள்

1859-இல் செவிலியம் பற்றிய அவரது குறிப்புகள் நூலாக வெளிவந்தன. அதில் ஒரு செய்தி. பாதரசம் கலந்த நீல மாத்திரையை மருத்துவர் ஒருமுறை எழுதிக் கொடுத்தால், சில சீமாட்டிகள் அதே சீட்டை வைத்துக்கொண்டு வாரத்திற்கு இரண்டு மூன்று முறை தாமும் உண்டு பிறருக்கும் கொடுத்தார்களாம். அம்மையார் இதனை வன்மையாகக் கண்டித்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய மாத்திரையை நாமும் வாங்கி விழுங்கும் வழக்கம் இன்றும் ஒழிந்ததா?

செவிலி வம்பு பேசுபவளாக இருத்தலாகாது. கேட்கும் உரிமை உடையவரிடமன்றி நோயாளியைப் பற்றி வாய் திறக்கலாகாது என்றும் அந்நூல் வற்புறுத்துகிறது. அறைக்கு வெளியே நின்று நோயாளியைப் பற்றிக் கிசுகிசுப்பதையும் அவர் கொடுமை என்றே கருதினார். இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லையேல் நோயாளி உண்மையை மறைப்பார். உண்மை மறைந்தால் மருந்து தவறும். இரண்டு அறங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை அல்லவா?

1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் செவிலியர் உறுதிமொழி ஒன்று எழுதப்பட்டது. தீங்கு தரும் மருந்தை அறிந்து கொடுப்பதில்லை, நோயாளியின் சொந்தச் செய்திகளை வெளியிடுவதில்லை என்ற இரண்டும் அதில் உள்ளன. அதை அம்மையாரே எழுதினார் எனப் பலர் எண்ணுகின்றனர். அவர் எழுதவில்லை, அவர் மீது கொண்ட மதிப்பால் அவர் பெயர் சூட்டப்பட்டது.

அம்மையார் இந்தியாவிற்கு வந்ததில்லை. எனினும் நம் நாட்டின் சுகாதாரம், பஞ்சம் குறித்துப் பல்லாண்டுகள் எழுதினார். போர்க்களத்தில் கண்ட காய்ச்சல் அவர் உடலை வாட்டியபோதும் படுக்கையிலிருந்தே உழைத்தார். 1907-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண்மணி ஆனார். 1910 ஆகஸ்ட் 13-இல் மறைந்தார்.

முடிவுரை

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என ஐந்தையும் சரிபார்த்த பின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்று இன்று செவிலியருக்குக் கற்பிக்கின்றனர். மே 12 உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நண்பர்களே, நாம் எத்துறைக்குச் சென்றாலும் பிறர் உயிரோ, பிறர் செய்தியோ ஒருநாள் நம் கையில் வந்து சேரும். அப்போது கவனமும் அடக்கமும் நமக்குத் துணை நிற்கட்டும். அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் நன்றி.