முறிவையும் பொருத்தையும் கண்ட முல்லர்

நல்லூரில் எம் வீட்டுத் திண்ணையிலே கனிந்த கதலிக் குலையை மொய்க்கும் சிற்றீக்களைக் காணுந்தோறும், ஹேர்மன் முல்லர் என்னும் அறிஞரின் நினைவே எனக்கு எழுகின்றது.

1890இல் நியூயோர்க்கில் பிறந்த அவர், ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பழ ஈக்களின்மீது எக்ஸ் கதிர் செலுத்தி, பரம்பரை இயல்புகள் மாறுவதை 1927இல் உலகுக்கு உணர்த்தினார். கதிர்பட்ட நிறமூர்த்தங்கள் முறிந்தன. முறிந்த முனைகள் மீண்டும் பொருந்தின. சில, பிறழப் பொருந்தின. அப்பிழை சந்ததிக்கும் சென்றது. இயற்கை முனைகள் மட்டும் பிறவற்றோடு ஒட்டாமை கண்டு, 1938இல் அவற்றுக்கு ரெலோமியர் எனப் பெயரிட்டார்.

முறிந்த டி.என்.ஏ. இழையைக் கலத்தின் புரதங்கள் இணைப்பிரதி நோக்கித் திருத்துதலையும், பிரதி கிடையாவிடத்து முனைகளை நேரே பொருத்துதலையும் இன்று அறிவோம். சிதைந்த ஏட்டைப் பிறிதோர் ஏட்டோடு ஒப்பிட்டுப் பதிப்பித்த எம்மூர் ஆறுமுக நாவலரின் தொண்டை அது எனக்கு நினைவூட்டுகின்றது.

பெர்லின், சோவியத் நாடு, ஸ்பெயின், எடின்பரோ என முல்லரின் வாழ்வும் துண்டுபட்டது. லைசென்கோவின் கொள்கையை எதிர்த்தமையால் சோவியத் நாட்டில் அவருக்கு இடமில்லாது போயிற்று. 1946இல் நோபல் பரிசு பெற்றார். அப்புகழைக் கொண்டு, கதிர்களைக் கவனமின்றிக் கையாளுவோரை எச்சரித்தார். அணுவாயுதத்துக்கு எதிரான 1955ஆம் ஆண்டு ரசல்–ஐன்ஸ்டைன் அறிக்கையிற் கையொப்பமிட்டார். 1967இல் மறைந்தார்.

கலம் தன் காயத்தைத் தானே ஆற்றும். ஆயினும் எல்லாக் காயத்தையும் பிழையின்றி ஆற்றாது. மாணாக்கருக்கு நான் முதலிற் சொல்லும் பாடம் அதுவே.