மீட் ஐயர்

பாலராமபுரத்திலிருந்து தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை கடந்து நாகர்கோவில் செல்லும் வழியெங்கும் மதிக்கப்படும் பெயர் மீட் ஐயர். ஆனால், அவர் மாணவராய் இருந்த கதையை அறிந்தோர் சிலரே.

1792-இல் இங்கிலாந்தில் பிறந்த சார்லஸ் மீட், கோஸ்போர்ட் துறைமுக நகரில் டேவிட் போக் நடத்திய மிஷனெரிப் பயிற்சிக் கழகத்தில் பயின்றார். சீனம் சென்ற ராபர்ட் மாரிசன் கற்றதும் அங்கேதான். ஆசிரியரின் விரிவுரைகளை மாணவர்கள் தம் கையாலேயே படியெடுப்பர். கடல் கடந்தபின் அந்தக் கையேடுகளே அவர்களுக்குத் துணை.

1816-இல் கப்பலேறினார் மீட். வழியில் பினாங்கில் மனைவியைப் பறிகொடுத்தார். துயரைச் சுமந்தபடியே 1818-இல் திருவிதாங்கூர் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே நாகர்கோவிலில் நம்மவர்க்கென ஒரு செமினரி எழுந்தது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அதுவே. 1820-இல் அச்சகமும் வந்தது. தோள்சீலை உரிமைக்காகப் பெண்கள் பட்ட பாட்டில் அவர்கள் பக்கம் நின்றார்.

கோஸ்போர்ட் கற்பிக்காத பாடமொன்று முதுமையில் வந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்ணான லோயிஸை அவர் மணந்தார். உடன் ஊழியரே வெறுத்தனர். 1852-இல் மிஷனை விட்டு விலகினார், மனைவியை விடவில்லை. பின்னர்த் திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளராகி, 1873-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

சமத்துவத்தைப் போதிப்பது எளிது. அதை வீட்டுக்குள் அழைத்து வருவதே அரிது. மாணவ நண்பர்களே, நாம் எழுதும் கையேடுகளில் எத்தனை வரி நம் வாழ்வில் ஏறும்?