எவரார்டு கால்த்ராப்பும் இரண்டரை அடிப் பாதையும்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இக்காலத்துத் தொழிற்சாலைகளைக் காண்போருள், அவ்வூர்களுக்கு முன்னொரு நாள் இரண்டரை அடி அகலப் பாதையில் சிறு ரெயில் வண்டிகள் வந்து சென்றன என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. திருப்பத்தூரினின்று கிருஷ்ணகிரிக்கு 1905லும், மொரப்பூரினின்று தருமபுரிக்கு 1906லும், அங்கிருந்து ஓசூருக்கு 1913லும் அப்பாதைகள் திறக்கப்பெற்றன. யுத்தத்தின் நடுவே 1941ல் இரண்டும் மூடப்பட்டன. இவற்றை அமைத்தவர் கால்த்ராப் அல்லர். எனினும் அவ்வளவுள்ள பாதை விளையாட்டுப் பொருளன்று, பெரும் பாரம் சுமக்கவல்லது என்று இந்நாட்டில் காட்டியவர் அவரே.

அவர் 1857ல் இங்கிலாந்தில் பிறந்தார். ஸ்டீபன்ஸன் யந்திரசாலையிலும் பின்னர்க் குரூ நகரத்துப் பட்டறையிலும் தொழில் பயின்று, 1882ல் ‘கிரேட் இந்தியன் பெனின்சுலா’ ரெயில்வேயில் உத்தியோகம் ஏற்று இந்தியா வந்தார். இங்கே அவர் கண்டது யாதெனின், ஐந்தரை அடி அகலப் பெரும்பாதை வளமான ஊர்களை மட்டுமே நாடிச் சென்றது. செலவு தாங்காத ஊர்கள் கட்டை வண்டியையே நம்பியிருந்தன. குறுகிய பாதை போடலாமே எனின், இரு பாதைகளும் கூடுமிடத்தில் சரக்கை இறக்கி ஏற்றும் தொல்லை உண்டு என்று வல்லுநர் மறுத்தனர்.

கால்த்ராப் அத்தொல்லையை மறுக்கவில்லை. பாதையின் அகலத்தைவிட, ஓர் அச்சின்மேல் விழும் பாரமே முக்கியம் என்பது அவர் கொள்கை. எஞ்சினாயினும் சரக்கு வண்டியாயினும் ஓரச்சுக்கு 5 டன்னுக்கு மேற்படாமல் பாரத்தைப் பல சக்கரங்களுக்குப் பகிர்ந்துவிட்டால், கஜத்துக்கு 30 ராத்தல் நிறையுள்ள மெல்லிய தண்டவாளமே போதும் என்றார். 1895ல் பார்சி லைட் ரெயில்வே கம்பெனி ஏற்பட்டது. 1897ல் பம்பாய் மாகாணத்துப் பார்சி நகருக்கு வண்டி ஓடிற்று. பருத்தி மூட்டைகளும், பிற்காலத்தில் பண்டரிபுரத்து யாத்திரிகர் கூட்டமும் அக்கொள்கைக்குச் சாட்சியாயின.

சிற்றுருவ ரெயில் செய்து மகிழும் மாணவர் இங்கே ஒன்று கவனிக்க. உருவத்தைக் குறைக்கும் விகிதம் வேறு, தண்டவாள இடைவெளி வேறு. 87ல் ஒரு பங்காகக் குறைத்தால் நம் பெரும்பாதை சுமார் 19 மில்லிமீட்டரும், கிருஷ்ணகிரிப் பாதை 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவும் ஆகும். வண்டியில் அமரும் பொம்மை மனிதன் மட்டும் இரண்டிலும் ஒரே உயரமுடையவன்! அம்மனிதனுக்குப் போதிய இடத்தைக் குறுகிய பாதையின்மேல் அமைப்பதே கால்த்ராப்பின் சாமர்த்தியம்.

இங்கிலாந்தில் அவர் அமைத்த லீக்–மானிபோல்டு பாதை 1904ல் திறக்கப்பட்டு 1934ல் மறைந்தது. பெரும்பாதை வண்டியையே முதுகில் ஏற்றிச் செல்லும் தட்டு வண்டிகள் அதில் ஓடின. சரக்கை மாற்றி ஏற்றும் தொல்லைக்கு அவர் கண்ட விடை அது. நம் பக்கத்தில் அதனைக் கையாண்டிருந்தால் எத்துணை நலமாயிருக்கும்!

1910ல் அவர் நண்பர் சார்லஸ் ரோல்ஸ் விமான விபத்தில் மாண்டார். அதுமுதல் கால்த்ராப்பின் சிந்தை ஆகாயத்தின்பால் சென்றது. ‘காவல் தேவதை’ என்று பொருள்படும் பெயரால் ஒரு பாராசூட்டை இயற்றினார். 1917ல் லண்டன் டவர் பாலத்திலிருந்தே ஒருவர் அதனைக்கொண்டு குதித்துக் காட்டினார். ஆயினும் முதல் மகாயுத்தம் முடியும் தறுவாய்வரை பிரிட்டிஷ் விமானிகளுக்கு அது வழங்கப்படவில்லை. ஒற்றர்களை எதிரி நாட்டில் இறக்க மட்டும் அது பயன்பட்டது. எரியும் விமானத்தோடு வீழ்ந்த இளைஞர் பலர் பிழைத்திருக்கக்கூடும். பாதை விஷயத்தில் வென்ற பிடிவாதம் இங்கே தோற்றது. அவர் செல்வத்திற் பெரும்பகுதியும் இதிலேயே கரைந்தது.

அரபிக் குதிரைகளை வளர்ப்பதில் அவருக்குப் பிரியம் மிகுதி. 1920ல் குதிரையைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 1927ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காலமானார். பார்சிப் பாதை மீரஜ் வரை எட்டியதும் அவ்வாண்டிலேயே.