ஈக்களிடம் கணக்குக் கேட்டவர்

பழ ஈக்களைக் கொண்டு பாரம்பரிய விதிகளை ஆராய்ந்த மார்கனை நம்மில் பலர் அறிவர். அவரிடம் பயின்ற ஆல்பிரட் ஸ்டர்ட்டிவண்டை அறிந்தோர் சிலரே.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்திலே 1891-இல் பிறந்தவர் அவர். ஏழு வயதில் குடும்பம் அலபாமாவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் அங்கே பயிர்த்தொழில் செய்தார். வீட்டுக் குதிரைகளுக்கு வமிசாவளி எழுதுவது சிறுவனின் பொழுதுபோக்கு. பின்னர் நியூயார்க்கில் தமையனார் வீட்டில் தங்கிக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். குதிரைகளின் நிறத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைக் கண்டு மகிழ்ந்த மார்கன், தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசையையே கொடுத்துவிட்டார்.

1911-இல் ஒரு நாள் மார்கனோடு பேசிக்கொண்டிருக்கையில் அவருக்கு ஓர் உண்மை பளிச்சிட்டது. குரோமோசோமில் இரு ஜீன்கள் அருகருகே இருந்தால் அவை பிரிவது அரிது. தொலைவில் இருந்தால் அடிக்கடி பிரியும். அப்படியானால் பிரிவின் எண்ணிக்கையே தூரத்துக்கு அளவுகோல் அல்லவா? அன்றிரவு வகுப்புப் பாடங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கணக்கில் அமர்ந்தார். உலகின் முதல் ஜீன் வரைபடம் பிறந்தது! 1913-இல் அது அச்சேறியது.

1921-இல் அடுத்த வியப்பு. இரண்டு ஈ இனங்களின் மூன்றாம் குரோமோசோமை ஒப்பிட்டார். ஜீன்கள் அவையே, ஆனால் ஒரு பகுதியில் வரிசை தலைகீழ். ஊருக்குப் போகும் நம் ரயிலில் நடுப்பெட்டிகளை மொத்தமாகக் கழற்றித் திருப்பி மாட்டியது போல, 1 2 3 4 5 என்பது 1 4 3 2 5 ஆகியிருந்தது. இனங்கள் பிரிந்த வரலாறு இத்திருப்பங்களில் எழுதப்பட்டிருக்கிறது!

ஒரு வரிசையை மற்றொன்றாக்கக் குறைந்தது எத்தனை திருப்பங்கள் வேண்டும்? 3 1 2 என்பதை 1 2 3 ஆக்க ஒரு திருப்பம் போதாது, இரண்டு வேண்டும். மூன்று எண்களுக்கு இது எளிது. ஒன்பது ஜீன்களுக்கோ 3,62,880 வரிசைகள் உண்டு. 1941-இல் நோவிட்ஸ்கியுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஒன்பதுக்கு மேல் கணக்கிடுவது பெரும்பாடு, விடையும் உறுதியன்று என்று ஒளிக்காமல் எழுதிவைத்தார்.

1970-இல் அவர் காலமானார். கேள்வி சாகவில்லை. கணிப்பொறி அறிஞர்கள் அதை மீண்டும் எடுத்தனர். ஜீன்கள் நோக்கும் திசையும் தெரிந்தால் விரைவாக விடை காணும் வழியை 1995-இல் ஹன்னன்ஹள்ளியும் பெவ்ஸ்னரும் கண்டனர். திசை தெரியாவிட்டால் கணக்கு மிகக் கடினமானது என்பதைக் கப்ராரா 1997-இல் நிறுவினார். முதியவரின் தயக்கம் நியாயமே!

சென்ற மாதம் என் சோதனை பொய்த்தபோது, குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிய என் கை துடித்தது. ஸ்டர்ட்டிவண்டின் நினைவு வந்தது. பக்கம் அப்படியே இருக்கிறது.