மணலை மரத்தால் கட்டிய பொறியாளர்

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில், அட்லாண்டிக் கடலோரம் உள்ள பகுதி காஸ்கோனி. 18-ஆம் நூற்றாண்டில் அங்கு கடற்காற்று கொண்டுவந்த மணல் மேடுகள், ஆண்டுக்குச் சுமார் 20 மீட்டர் வீதம் நிலத்துக்குள் நகர்ந்தன. வயல், வீடு, பாதை எல்லாம் புதைந்தன. சூலாக் என்ற ஊரில் தேவாலயமே மணலில் மூழ்க, மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். இந்த மணலை மரம் வளர்த்து நிறுத்தியவராக அறியப்படுபவர் நிக்கோலா பிரேமோன்டியே.

1738-இல் நார்மண்டியில் பிறந்த இவர், சாலை, பாலம் அமைக்கும் அரசுத் துறையின் பொறியாளர். 1784-இல் போர்தோ நகரில் தலைமைப் பொறியாளரானார். மணல் இதே வேகத்தில் வந்தால் 2,000 ஆண்டுகளில் போர்தோவையே எட்டிவிடும் என்று கணக்கிட்டார்.

வெறும் மணலில் விதைத்தால், முளைக்கும் முன்பே காற்று விதையை அடித்துச் செல்லும் அல்லது ஆழப் புதைத்துவிடும். தப்பிய கன்றின் தண்டையும் பறக்கும் மணல் அரம்போலத் தேய்த்துவிடும். எனவே மணலை முதலில் அசையாமல் நிறுத்த வேண்டியிருந்தது.

1787-இல் லா டெஸ்ட் என்ற ஊருக்கு அருகே அவரது மேற்பார்வையில் விதைப்பு தொடங்கியது. கடலோர பைன் மர விதையோடு, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த புதர்ச்செடிகளின் விதையையும் கலந்து தூவினர். அதன்மேல் மரக்கிளைகளைக் கூரை வேய்வதுபோல் பரப்பினர். கிளைகள் மணலைப் பிடித்து நிறுத்தின. விரைவாக வளரும் புதர்கள் பைன் கன்றுகளுக்கு நிழலும் காற்று மறைப்பும் தந்தன.

கடற்கரையை ஒட்டி, இடைவெளி விட்டுப் பலகை வேலி நடுவதும் இம்முறையில் சேர்ந்தது. வேலியில் மணல் சேர்ந்து மேடாகும். பலகை புதையும்போது அதை மேலே இழுத்துவிட்டால் மேடு மேலும் உயரும். புது மணல் உள்ளே வருவது இப்படிக் குறைந்தது.

இதில் அவர் தனியாள் அல்லர். 1770-களிலேயே வில்லேர் என்ற பொறியாளர் இதே யோசனையைக் கூறியிருந்தார். களத்தில் பாடுபட்டவர்கள் உள்ளூர் மக்கள். புரட்சிக் காலத்தில் நின்றுபோன பணி, 1801-இல் அரசு ஆணையால் மீண்டும் தொடங்கியது. பிரேமோன்டியே 1809-இல் பாரிஸில் காலமானார். பணி நிறைவடைய 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆனது. மணல் மேடுகள் பிசினும் மரமும் தரும் காடாக மாறின.

தார் பாலைவனத்திலும் இதே வரிசைதான். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தின் முறையில், காற்றுக்குக் குறுக்கே முதலில் சுள்ளி வேலி. மணல் அடங்கிய பிறகே புல்லும் மரக்கன்றும்.

சாலையைக் காக்க நடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடுப்பைத் தாண்டியதும் காற்றின் வேகம் குறைந்து, அங்கேதான் மணல் விழும். மர வரிசையைச் சாலையை ஒட்டி வைத்தால், மணல் சாலைமேல் குவியும். அதனால் காற்று வரும் பக்கத்தில், சாலையிலிருந்து தள்ளிப் பல வரிசைகளாக நட வேண்டும். நெட்டை மரம் மட்டும் போதாது. அடியில் புதரும் புல்லும் அவசியம். மணலில் பெரும்பகுதி முழங்கால் உயரத்துக்குள்தான் பறக்கிறது.