காற்றலையைக் கணித்த பேரறிஞர் சேர் ஹோறஸ் லாம்

1883ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 27ஆந் திகதி காலை, யாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள கிறக்கற்றோவா எரிமலைத்தீவு வெடித்துச் சிதறியது. கடல் பொங்கிக் கரையோர ஊர்களை விழுங்கியது. 36,000 பேருக்கு மேல் மாண்டனர். வெடியோசை ஏறத்தாழ 4,800 கிலோமீற்றருக்கு அப்பால், இந்து சமுத்திரத்து றொட்றிக்ஸ் தீவிலே பீரங்கி முழக்கம்போற் கேட்டது. நம் இலங்கையிலும் கேட்டது.

செவிக்கு எட்டியது அவ்வளவே. எட்டாத வேறொன்று உலகையே சுற்றி வந்தது. பல நாடுகளின் பாரமானிகளில் அமுக்கம் திடீரென ஏறி இறங்கியது. நேரே வந்ததும் மறுபக்கத்தால் சுற்றி வந்ததுமாக, சில இடங்களில் ஏழு தடவை அது பதிவாயிற்று. உலகை ஒருமுறை சுற்ற அதற்குச் சுமார் 35 மணிநேரம் சென்றது. இங்கிலாந்தின் றோயல் சங்கம் 1888இல் வெளியிட்ட அறிக்கையில் இப்பதிவுகளெல்லாம் தொகுக்கப்பட்டன. ஆயினும் அந்த அலை ஏன் அத்துணை தூரம் அழியாது சென்றது? இதற்குக் கணித வழியால் விடை காண உதவிய பேரறிஞரே ஹோறஸ் லாம்.

இவர் 1849ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி இங்கிலாந்தின் ஸ்ரொக்போட் நகரிற் பிறந்தார். தந்தையார் பஞ்சாலையொன்றில் மேற்பார்வையாளர். மகன் சிறுவனாயிருக்கும்போதே காலமாயினார். தாயார் மறுமணம் புரியவே, தாயின் சகோதரியார் இவரை வளர்த்தார். பள்ளியில் இவர் சிறந்து விளங்கியது கிரேக்கம், இலத்தீன் மொழிகளிலே என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். பதினேழாம் வயதில் கேம்பிறிட்ஜிற் கிடைத்த புலமைப்பரிசிலும் அம்மொழிகளுக்கானதே. வயது போதாமையால் ஓராண்டு மன்செஸ்ரர் ஓவன்ஸ் கல்லூரியிற் கழித்தார். அந்த ஓராண்டுதான் இவரைக் கணிதத்தின்பாற் திருப்பியது. பின்னர் கேம்பிறிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிற் பயின்று, 1872இல் கணிதப் பெருந்தேர்வில் இரண்டாமிடம் பெற்றார். ஸ்ரோக்ஸ், மக்ஸ்வெல் ஆகியோரின் விரிவுரைகளையுங் கேட்டார்.

திருமணஞ் செய்தால் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவியைத் துறக்கவேண்டும் என்பது அக்கால விதி. லாம் திருமணத்தைத் தேர்ந்தார். அவுஸ்திரேலியாவில் புதிதாய்த் தோன்றிய அடிலெயிட் பல்கலைக்கழகத்திற்கு முதற் கணிதப் பேராசிரியராக 1876இல் சென்றார். கிறக்கற்றோவா வெடித்தபோதும் அங்கேயே இருந்தார். பின்னாளிற் புகழ்பெற்ற ஓவியராகிய மகன் ஹென்றி பிறந்ததும் அவ்வாண்டிலேதான். 1885இல் மன்செஸ்ரருக்கு மீண்டு, 1920 வரை ஆங்கே கற்பித்தார்.

திருவிழாக் காலத்து இரவில் அயலூர்க் கோயில் மேளத்தைத் தூரத்தே நின்று கேட்டவர்கள் அறிவர். நாதசுரத்தின் உச்சஸ்தாயி தேய்ந்துபோகும். தவிலின் முழக்கம் மட்டும் வந்துகொண்டிருக்கும். விரைந்த அதிர்வைக் காற்று எளிதில் விழுங்கிவிடும். மெதுவான அதிர்வை அவ்வாறு விழுங்குவதில்லை. செக்கனுக்கு 20 தடவைக்குக் குறைந்த அதிர்வை மனிதச் செவி ஒலியாக உணர்வதரிது. கிறக்கற்றோவா அலையோ ஒருமுறை ஏறி இறங்கவே பல நிமிடங்கள் எடுத்தது.

ஆனால் மெதுவான அலையும் மேல்நோக்கிப் பரந்து வலிகுன்றலாமே! 1911இல் வளிமண்டல அசைவுகள்பற்றி எழுதிய கட்டுரையில், எங்கும் ஒரே வெப்பநிலையுடைய வளிமண்டலமொன்றை லாம் எடுத்துக்கொண்டார். அதிலே காற்று மேலுங் கீழும் அசையாது, கிடையாக மட்டும் அசையும் ஓரலை செல்லக்கூடும் எனக் காட்டினார். அதன் அமுக்கம் தரையில் மிக அதிகம். மேலே போகப்போகக் குறையும். சக்தி வானத்திற் சிந்தாமல், ஏறத்தாழ ஒலியின் வேகத்தில் அவ்வலை பூமியைத் தழுவிச் செல்லும். இன்று அதற்கு லாம் அலை என்றே பெயர்.

1902இலும் 1923இலும் றோயல் சங்கத்தின் உயர் பதக்கங்களும், 1931இல் சேர் பட்டமும் இவரை வந்தடைந்தன. நாம் பெரிதாகக் கொள்வது வேறொன்று. திரவங்களின் இயக்கம்பற்றி 1879இல் இவர் வெளியிட்ட நூல், 1895இல் விரிந்து புதுப்பெயர் பெற்றது. புதிய ஆராய்ச்சி வருந்தோறும் அதைத் திருத்திக்கொண்டேயிருந்தார். ஆறாம் பதிப்பு 1932இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 82. ஒரே நூலுக்கு ஐம்பத்துமூன்று ஆண்டுகள்! நம்மவருள் நூலெழுதுவோர் பலருளர். எழுதியதைத் திருத்துவோர் எத்தனை பேர்? 1934ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி கேம்பிறிட்ஜிற் காலமானார்.

2022ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி, பசிபிக் சமுத்திரத்துத் தொங்கா நாட்டில் கடலடி எரிமலையொன்று வெடித்தது. லாம் அலை மீண்டும் உலகைப் பலமுறை சுற்றியது. இம்முறை செய்மதிகளும் அதைக் கண்டன. காற்றலை கடலையும் அழுத்திக்கொண்டு சென்றமையால், யப்பான் கரையிற் கடல்மட்டம், வழமையான சுனாமிக்குக் கணித்த நேரத்திற்கு இரண்டு மணிநேரத்திற்கு மேல் முந்தியே உயரத் தொடங்கியது. கடலலையை மட்டும் எண்ணிக் கணித்த நேரம் தவறிற்று. அதன்பின் சுனாமிக் கணிப்பாளர் லாம் அலையையும் தங்கள் கணக்கிற் சேர்க்கத் தொடங்கினர்.